இரவல் தீர்ப்பு: உறுப்பு தானத்தில் யார் சொல்லைக் கேட்பது?

இரு சக்கர வாகன விபத்து. தலையில் அடி. மூன்றாம் நாள் மருத்துவர் குடும்பத்தாரைத் தனியறைக்கு அழைத்து மூளைச்சாவு என்று சொல்கிறார். பிறகு உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வந்து உட்காருகிறார். அவர் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான். கேள்வி எழுந்த அடுத்த ஐந்து நிமிடங்களில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கைப்பேசிகள் வெளியே வரும். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஓர் அழைப்பு, தெரிந்த டாக்டருக்கு ஓர் அழைப்பு, குருக்களுக்கோ பங்குத்தந்தைக்கோ இமாமுக்கோ இன்னொன்று. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பதைத்தான் எல்லோரிடமும் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்பார்கள்.

இதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நல்லது எது, கெட்டது எது என்று தீர்மானிக்கப் பிறர் வாயைப் பார்ப்பதா, சொந்தப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். எதிர்த்தரப்போ, மூத்தவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு எந்தக் காலத்தில் விளங்கியது என்று கேட்கும். இரு தரப்புமே வள்ளுவரைச் சாட்சிக்கு இழுக்கும். ஒருவர் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று தொடங்குவார். மற்றவர் அதே பொருட்பாலில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமும் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று இன்னோர் அதிகாரமும் இருப்பதை எடுத்துக் காட்டுவார். குறளை வைத்துத் தீர்க்கக்கூடிய வழக்காக எனக்கு இது தோன்றவில்லை.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லை நம்பி அறத் தீர்ப்புக்கு வருவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நாம் தடுமாறுவது யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான். டாக்டரிடம் கேட்க வேண்டியதைப் பெரியப்பாவிடமும், இறந்தவரின் மனைவியிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடமும் கேட்கிறோம்.

மருத்துவமனை கேட்கும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா? உயிரோடு இருந்திருந்தால் இவர் எதை விரும்பியிருப்பார்? கொடுப்பது சரியா? முதலாவது மருத்துவம் பற்றியது. இரண்டாவது ஒரு மனிதரைப் பற்றியது. மூன்றாவதுதான் அறக் கேள்வி. எந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது இந்த மூன்றில் எதற்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மருத்துவரின் சொல்

முதல் கேள்விக்கு மருத்துவர் சொல்வதை விட்டால் நமக்கு வேறு வழியில்லை. கண்ணால் பார்ப்பது இங்கே நேர் எதிராகச் சொல்லும். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் மார்பு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது, உடல் சூடாக இருக்கிறது. தாய் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "உயிர் இருக்கிறதே" என்றால் அவள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மூளைத்தண்டின் செயல் திரும்ப வராதபடி நின்றுவிட்டது என்பதை அறிய வேறு சோதனைகள் வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரைச் சற்று நேரம் விலக்கி, இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று பார்க்கிறார்கள். 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் சேர்ந்து இதை உறுதி செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். அந்த நால்வரில் ஒருவரும் உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் இருக்கக்கூடாது.

கடைசி விதி ஏன் வந்தது என்று யோசித்தால், ஒருவர் சொல்லை எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கே பாதி விடை கிடைத்துவிடும். 1968 இல் ஜப்பானின் சப்போரோ நகரில் ஜூரோ வாடா என்ற அறுவை மருத்துவர் அந்த நாட்டின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நீரில் மூழ்கிய ஓர் இளைஞரின் இதயம் எடுத்துப் பொருத்தப்பட்டது. பெற்றுக்கொண்டவர் மூன்று மாதத்துக்குள் இறந்தார். கொடுத்தவர் உண்மையில் இறந்துதான் இருந்தாரா, அதை யார் முடிவு செய்தது என்ற கேள்விகள் கிளம்பின, புகார் காவல்துறை வரை போனது. வாடா மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் ஜப்பானிய மக்களின் மனத்தில் விழுந்த ஐயம் லேசில் போகவில்லை. மூளைச்சாவு நிலையில் உறுப்பெடுக்க அனுமதிக்கும் சட்டம் அங்கே வருவதற்கு 1997 ஆகிவிட்டது. ஒருவர் சொல்லில் ஏற்பட்ட அவநம்பிக்கையால் ஒரு நாடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.

நம் பக்கத்து ஐயத்துக்கும் காரணம் உண்டு. சென்னையில் வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொல்லும் அளவுக்குச் சிறுநீரக விற்பனை நடந்த காலம் ஒன்று இருந்தது. வறுமைப்பட்ட மனிதர்கள் தழும்பைக் காட்டி, பேசிய தொகை கைக்கு வரவில்லை என்று சொன்ன செய்திகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1994 சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று அந்த வணிகத்தைத் தடுப்பது. ஆகவே கிராமத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் "உறுப்புக்காகவே செத்துவிட்டான் என்கிறார்களோ" என்று கேட்டால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவருக்கு உபதேசம் வேண்டாம். நான்கு கையெழுத்துகளும் யாருடையவை, அவர்களுக்கும் அறுவைக் குழுவுக்கும் என்ன தொடர்பு, இரண்டாவது சோதனை எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்க வேண்டும். விடை ஒழுங்காக வந்தால் முதல் கேள்வி முடிந்தது, மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு வரும்போது மட்டும் மருத்துவரின் நாற்காலி நம்முடையதைவிட உயரமானதில்லை. "ஒருவர் கொடுத்தால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம்" என்று அவர் சொன்னால் அது தகவல், அவர் துறைக்குள் வருவது. "ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டும்" என்றால் அது அறத் தீர்ப்பு. அதைச் சொல்ல வெள்ளைக் கோட்டு தனித் தகுதி தருவதில்லை. மரணச் செய்தியைச் சொல்லும் பேச்சையும் தானம் கேட்கும் பேச்சையும் பிரித்தே நடத்த வேண்டும் என்பது இந்தத் துறையில் ஏற்கப்பட்ட நடைமுறை. சொல்பவரும் கேட்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. காத்திருப்போர் பட்டியலை நாள்தோறும் பார்க்கும் ஒரு மனிதருக்குத் தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாய்வது இயல்பு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் சாய்வைத் தெரிந்துகொண்டு கேட்பது நம் பொறுப்பு.

பெரியவர்களின் சொல்

படித்தவர்கள் இந்தப் பகுதியை இளக்காரமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். பெரியவர்களுக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் இந்த முடிவுக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று தெரியும். பிணத்தை அறுக்கவிட்ட பெண் என்று சாவு வீட்டில் யார் பேசுவார்கள், பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள் என்று யார் கதை கட்டுவார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் வராமல் இருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்காகத் தெரியும். ஓர் அறச் செயலின் விலையை யார் கட்டப்போகிறார் என்பதும் அறத்தில் சேர்ந்ததுதான். ஒருங்கிணைப்பாளரின் கோப்பில் அந்த விவரம் இருக்காது.

இருந்தும் பெரியவர்களின் சொல்லில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, பெரும்பாலும் அவர்கள் தேடுவது சண்டை வராத முடிவை. சரியான முடிவும் சண்டை வராத முடிவும் ஒன்றாக அமைந்துவிட்டால் நல்லது. அமையாதபோது அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது குறை பெரிது. 'பெரியவர்கள்' என்ற சொல்லால் நாம் யாரைச் சொல்கிறோம்? மருத்துவமனை வராந்தாவில் நின்று தொலைபேசியில் பேசுபவர்கள் அனேகமாக ஆண்கள். இறந்தவனின் மனைவியும் தாயும் உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வராந்தாவில் முடிவான பிறகு அவர்களுக்குச் சொல்லப்படும். சட்டம் இந்த விஷயத்தில் நம் வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. அது நெருங்கிய உறவினர் என்று சொல்வது கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரை. பெரியப்பா அந்தப் பட்டியலில் இல்லை. தாய்மாமன் இல்லை. மைத்துனர் இல்லை. உட்கார்ந்திருப்பவள் பட்டியலில் இருக்கிறாள், ஓடியாடிப் பேசுபவர்களில் பாதிப் பேர் இல்லை. ஆலோசனை சொல்ல மாமாவுக்கு உரிமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சொல்லை மனைவியின் சொல்லுக்குப் பதிலாக வைக்கும் பழக்கத்தைப் பெரியோர் வழி என்று பெருமை பேசுவதில் நியாயமில்லை.

சமயத்தின் சொல்

கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இது எளிது. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரோமில் நடந்த உறுப்பு மாற்று வல்லுநர்களின் மாநாட்டில் போப் இரண்டாம் ஜான் பால் நேரில் பேசினார். உறுப்பு தானம் உண்மையான அன்பின் செயல் என்றார். பங்குத்தந்தையைக் கேட்டால் அந்த விடையே பெரும்பாலும் வரும். இஸ்லாமியரிடையே விடை ஒன்றல்ல. 1986 இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) அகாடமி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளாதபடி நின்றுவிடுவதையும் மரணம் என்று ஏற்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் உலமாக்களில் உறுப்பு தானத்தையே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இந்துக்களுக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லும் ஒற்றைப் பீடம் கிடையாது. சிபி கதையும் கண்ணப்பர் கதையும் ஒரு பக்கம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறக்க நேரும் என்ற பேச்சு மறு பக்கம். இரண்டுமே பாட்டி வாயிலிருந்து வருபவைதான்.

இங்கே ஒரு பழைய தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். பல குருக்கள் பல விதமாகச் சொல்லும்போது, யாரைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே நம் முடிவு ஒளிந்திருக்கிறது. கொடுக்க மனமில்லாதவர் மறுக்கும் குருவைத்தான் அழைப்பார். பிறகு "அவர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று கையை விரிப்பார். இதைப் பணிவு என்று சொல்ல முடியாது. தன் விருப்பத்துக்கு வேறொருவர் பெயரில் ரசீது வாங்குவது இது. சமயச் சொல்லை உண்மையாகவே நம்பி வாழ்கிறவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அவர்கள் சாதாரண நாட்களிலும் அதே குருவைத்தான் கேட்கிறார்கள், பிடிக்காத விடை வந்தாலும் ஏற்கிறார்கள். பிடிக்காத விடையைக் கடைசியாக எப்போது ஏற்றோம் என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும், நாம் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

சொந்தப் புத்தி

யாரையும் கேட்காமல் தானே யோசித்து முடிவெடுப்பதுதான் உயர்ந்தது என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. தத்துவத் துறையில் இதற்கு வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு புலால் உண்ணாமை. ஒருவர் இறைச்சியை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "என் நண்பர் தவறு என்று சொன்னார், அவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்கிறார். கேட்பவருக்கு ஏதோ நெருடுகிறது. அதே மனிதர் ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டே "டாக்டர் சொன்னார்" என்றால் யாருக்கும் நெருடுவதில்லை. நெருடலுக்குக் காரணம், முதல் மனிதருக்கு எது சரி என்று தெரிகிறதே தவிர ஏன் சரி என்று தெரியவில்லை என்பது ஒரு தரப்பு. நெருடினால் நெருடட்டும், நம்பத் தகுந்தவர் சொல்லைக் கேட்டுச் சரியானதைச் செய்துவிட்டாரே, அது போதாதா என்பது மறு தரப்பு.

நம் ஊரில் இந்த எடுத்துக்காட்டே செல்லாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே "எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை" என்பது முழுமையான பதிலாகவே ஏற்கப்படுகிறது. காரணம் கேட்டால் கேட்டவர்தான் நாகரிகமற்றவர். இரவலாக வந்த தீர்ப்பு மூன்று தலைமுறை கடந்தால் குலப் பெருமையாகிவிடுகிறது.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். அந்த அறையில் சொந்தப் புத்தி என்று எதைச் சொல்வது? மூன்று நாட்களாகத் தூங்காத, மகனைப் பறிகொடுத்த மனிதரின் மனத்தில் அப்போது ஓடுவது அவருடைய தெளிந்த சிந்தனையாக இருக்க வாய்ப்பு குறைவு. போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வதந்தி, பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம், எப்போதோ பார்த்த சினிமாக் காட்சி ஆகியவைதான் சொந்தக் கருத்து என்ற பெயரில் அங்கே எழுந்து நிற்கும். யாரையும் கேட்காதவர் யாருடைய சொல்லையும் நம்பவில்லை என்று பொருளில்லை. யாருடைய சொல்லை நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். கேட்டு முடிவெடுப்பவருக்காவது ஆள் யார் என்று தெரியும்.

தனித்து யோசிப்பவருக்கு ஒரு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓராண்டு கழித்து மகள் வந்து, "அம்மா, அப்பாவை ஏன் அப்படிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், "பெரியப்பா சொன்னார்" என்ற விடை அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. செய்வதற்கு இரவல் தீர்ப்பு போதும். செய்ததற்குப் பதில் சொல்ல அது போதாது. ஆகவே பிறர் சொல்லை ஏற்கும்போது அவர் காரணத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தீர்ப்பை மட்டும் சொல்லிக் காரணம் சொல்ல மறுப்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அனுபவித்தவர்களின் சொல்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நான் மேலாக வைப்பது இதை. 2008 செப்டம்பரில் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த விபத்தில் ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுச் சிறுவனுக்கு மூளைச்சாவு ஏற்பட்டது. பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். அவர்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைச் சாலைகளில் போக்குவரத்தை ஒதுக்கி அந்த இதயம் ஓர் ஒன்பது வயதுச் சிறுமியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது. உறுப்பு தானம் சரியா தவறா என்று அதற்கு முன்பும் மேடைகளில் பேசியிருக்கிறார்கள், துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பங்கள் இந்தப் பேச்சைத் தங்கள் வீட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டது அந்தச் செப்டம்பருக்குப் பிறகுதான். புதிதாக எந்த வாதமும் அப்போது கிடைத்துவிடவில்லை. மருத்துவமும் தெரிந்த, இழப்பும் தங்களுடையதாக இருந்த இரண்டு பேர் ஆம் என்றார்கள். ஒருவர் சொல்லுக்கு இதைவிட என்ன ஈடு வேண்டும்?

அறக் கேள்வியில் யார் சொல் கனமானது என்பதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான். சொல்பவர் தாம் சொல்வதற்கு விலை கொடுத்தவரா? விலை கொடுத்தவர் தவறே செய்யமாட்டார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் உறுப்பு தானம் பற்றி நூறு பேர் கருத்துச் சொன்னாலும், கொடுத்துவிட்டு அந்த முடிவோடு பத்தாண்டுகள் வாழ்ந்த ஒரு தாய்க்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த நூறு பேருக்கும் தெரியாது. கொடுத்த குடும்பம் ஒன்றை நேரில் கண்டு பேச முடிந்தால் பேசுவது நல்லது. கூடவே ஓர் எச்சரிக்கை: வெளியே வந்து பேசுபவர்கள் பெரும்பாலும் மன நிறைவோடு இருப்பவர்கள். வருந்துபவர்கள் மைக் முன்னால் வருவதில்லை. கொடுக்க மறுத்துவிட்டுப் பின்னால் நிம்மதியாக இருப்பவர்களும் வருவதில்லை. கேட்கும் காது இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடத்தப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இதுவும் ஒரு வகையில் சொல்தான். இது நல்ல செயல் என்று அரசு ஊரார் முன்னிலையில் தீர்ப்புச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் வந்து மலர்வளையம் வைத்த வீட்டைப் பார்த்து, பணம் வாங்கினார்கள் என்று கதை கட்டுவது கொஞ்சம் கடினம். பெரியவர்கள் அஞ்சிய அந்தப் பழிச்சொல்லுக்கு இது நேரடியான மருந்து என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பாட்டியின் கேள்விக்கு இது மருந்தாகுமா என்றால், ஆகாது.

காரணம் புரியும்வரை காத்திருக்கக்கூடாத இடம்

காரணத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதற்கு விலக்கு ஒன்று உண்டு. அது உறுப்பு தானத்துக்கு வெளியே இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும்.

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த காலத்தில், கடைக்காரருக்கு அது வெறும் ஊர் வழக்கமாகத்தான் தெரிந்தது. அவர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. இனாமாகத் தேநீர் கொடுத்த நாட்களும் இருந்திருக்கலாம். இது அவமானம் என்று தனிக் குவளையில் குடித்தவர் சொன்னபோது கடைக்காரருக்கு உண்மையாகவே புரியாமல் போயிருக்கலாம். புரிந்த பிறகுதான் குவளையை மாற்றுவேன் என்று அவர் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருந்திருப்பார். அவர் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது. அரசமைப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, எல்லோருக்கும் ஏன் என்று புரியட்டும் என்று காத்திருக்கவில்லை. சட்டம் முந்தியது, புரிதல் பல இடங்களில் பிந்தியது, சில இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

எனவே, ஒரு தவறால் அடிபடுபவர் "இது தவறு" என்று சொல்லும்போது, அடிபடாத இடத்தில் நிற்பவர் முதலில் ஏற்க வேண்டும், பிறகு புரிந்துகொள்ளலாம். இங்கே வெறும் சொல்லே போதும். சொந்தமாக யோசித்துப் பார்க்கிறேன் என்று அவகாசம் கேட்பதுதான் இங்கே குற்றமாகிறது. பிறர் சொல்லை நம்புவது சோம்பேறித்தனம் என்று பேசுபவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

சட்டமே தீர்மானிக்கட்டும் என்றால்?

ஸ்பெயின் நாட்டில் 1979 முதல், மறுப்புத் தெரிவிக்காத எல்லோரும் உறுப்பு தானத்துக்கு இசைந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். உறுப்பு தானத்தில் அந்த நாடு பல்லாண்டுகளாக உலகின் முன்வரிசையில் இருக்கிறது. இதைப் பார்த்து, நாமும் அப்படி ஒரு சட்டம் போட்டால் குடும்பங்களை இந்தத் துன்பத்துக்கு ஆளாக்க வேண்டாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுருக்கமான பதில்: ஸ்பெயினிலும் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். அங்கே 1989 இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பை நிறுவி, மருத்துவமனை தோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்ததுதான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று அந்த நாட்டின் வல்லுநர்களே சொல்கிறார்கள். சட்டம் கேள்வியின் அமைப்பை மாற்றலாம். கேள்வி எப்படியும் ஒரு மனைவியிடமோ தாயிடமோதான் வந்து நிற்கும்.

இறந்தவரின் சொல்

விட்டுவைத்த இரண்டாவது கேள்வி இது. "அவர் கொடுக்கச் சொல்லியிருந்தார்" என்பது மற்றச் சொற்களைப் போன்றதல்ல. கொடுப்பது சரி என்பதற்கான சான்றாக அதை நாம் எடுத்துக்கொள்வதில்லை. அவர் அறத்தில் வல்லவராக இருந்திருக்க வேண்டியதும் இல்லை. அது அவருடைய உடல், அவருடைய விருப்பம். அந்தச் சொல் இருந்தால் மூன்றாவது கேள்வியின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது, அதை நிறைவேற்ற நமக்குத் தெம்பு இருக்கிறதா என்பதுதான். ஆகவே ஒப்பீட்டில் இதற்குத்தான் முதலிடம், அனுபவித்தவர் சொல்லுக்கு இரண்டாமிடம். மருத்துவர் தம் துறைக்குள் முழுமையாக நம்பத்தக்கவர், அதற்கு வெளியே நம்மில் ஒருவர். பெரியவர்கள் விளைவுகளைச் சொல்லட்டும், தீர்ப்பை உள்ளே இருப்பவர்களிடம் விட்டுவிடட்டும். மனைவி வேண்டாம் என்றால் இவர்களில் யார் சொல்லும் அதன் மேல் ஏறக்கூடாது என்பது என் கட்சி.

சிக்கல், அந்த முதலிடத்துச் சொல் பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படாமலே போய்விடுவது. சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது உறுப்பு தானத்துக்கு எழுத்து மூலம் ஒப்புதல் தருபவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். இப்போது ஆதார் எண்ணைக் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபியை இட்டு, இணையத்திலேயே சில நிமிடங்களில் உறுதிமொழி எடுத்துவிடலாம். வசதிதான். ஆனால் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியாது. பதிவு எங்கே இருந்தாலும், நடைமுறையில் குடும்பம் மறுத்தால் மருத்துவமனை எடுக்காது.

எனவே நான் பழைய காகிதப் படிவத்தையே பரிந்துரைப்பேன். வீட்டில் யார் இதற்கு ஒப்பமாட்டார் என்று நினைக்கிறீர்களோ, அவரையே சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் உடனே போடமாட்டார், ஏன் என்று கேட்பார். பெரியப்பா, டாக்டர், போப் என்று யார் பெயரையும் சொல்லாமல் அவருக்கு நீங்கள் விடை சொல்லியாக வேண்டும்.